ஒரே பெட்டியில் வைத்த தட்டுகள்

எனக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்யும். பால் அடிப்பிடித்தால் மாடியிலிருந்தே கத்துவேன். எதிர்வீட்டுக்காரர் ஒளிந்து ஒளிந்து சிகரெட் பிடிப்பது அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஆனால் ஒரே ஒரு நாற்றம் மட்டும் எனக்கு ஏறாது. அழுகிய மீனை மூக்குக்கு நேரே நீட்டினாலும் தேமே என்று நிற்பேன். பிறவியிலேயே அப்படி. நோய் ஒன்றுமில்லை, சிலருக்கு இருக்குமாம். இதில் வேடிக்கை என்னவென்றால், பல வருஷமாக நான் ஆராய்ச்சி செய்வதே அந்த நாற்றத்தைத்தான்.

ட்ரைமெத்திலமீன் என்று பெயர். மீன் அழுகும்போது வருவது அதுதான். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவும் அதை விடுகிறது. மழை பெய்ததும் மண் மணக்கிறதே, அந்த வாசனைக்குக் காரணமான கூட்டத்தைச் சேர்ந்தது. வழக்கமாக இருந்த இடத்தை விட்டு அசையாத சோம்பேறி. பக்கத்தில் ஈஸ்ட் வந்து உட்கார்ந்து சர்க்கரையை எல்லாம் தின்று தீர்த்துவிட்டால் மட்டும் இதற்கு ரோஷம் வந்துவிடும். நாங்கள் வளர்க்கும் மூடித் தட்டு முழுக்கப் பரவி, விட்டால் தட்டின் சுவர் மேலேயும் ஏறும். அப்படிக் கிளம்பும்போதுதான் இந்த வாயுவை விடும்.

மூன்று டிகிரியிலேயே கொதித்துவிடும் பொருள், அறைச் சூட்டில் அடங்கி இருக்குமா? காற்றில் போய்ப் பக்கத்துத் தட்டின் ஈரத்தில் கரையும். கரைந்த இடம் சோப்புத் தண்ணீர் போலக் காரமாகிவிடும். அங்கே இருக்கும் இரும்புச்சத்து யாருக்கும் எட்டாமல் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பது சொந்த இனமாக இருந்தால் அதற்கு இந்த வாயு ஒரு சேதி, நீயும் கிளம்பு என்று. அந்நியனாக இருந்தால் இரும்பு கிடைக்காமல் பட்டினி. தொடாமலே ஆளைச் சாய்க்கிற வித்தை இது.

இதை இறுக மூடிய சின்ன டப்பாவுக்குள் பலமுறை நடத்திக் காட்டிவிட்டேன். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி நம்பவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்துப் பேசுவதால் அவருக்குத் தராசு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். "டப்பாக்குள்ள நடக்குது, சரி. கொஞ்சம் பெரிய எடத்துல, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல காத்து இருக்கும்போது நடக்குமா?" என்று கேட்டார். அதை நான் செய்து பார்த்திருக்கவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில்தான் என் நாத்தனாரும் இருக்கிறாள். என் வீட்டுக்காரர் ரயில் ஓட்டுகிறவர். அப்பா அம்மா போனபிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியதே அவர்தான். சின்ன வயதில் அவர் வைத்த 'வாண்டு' என்ற பெயர், முப்பது தாண்டியும் அவளை விட்டுப் போகவில்லை. நான் இங்கே வேலை பார்ப்பதைப் பார்த்துத்தான் அவளும் இந்தப் படிப்புக்கு வந்தாள். இப்போது எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள்.

என் மூக்கு செய்யாத வேலையை அவள் மூக்குதான் செய்துவந்தது. பாக்டீரியா கிளம்பிவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்னதாகவே நாற்றத்தில் தெரிந்துவிடும். எனக்கோ அது தெரியாது. அதனால் காலையில் வந்ததும் நடைபாதைக் கடைசியில் இருக்கிற தட்டுகளை அளவான சூட்டில் வைக்கும் என் சின்ன இன்குபேட்டர் பெட்டியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு முகர்ந்துவிட்டுச் சொல்வாள். "அண்ணி, இன்னிக்கு ஒண்ணுமில்ல." அல்லது, "லேசா." அல்லது, "குப்பை லாரி!" அவள் சொன்னதை வைத்துத்தான் நான் அன்றைய வேலையைத் தொடங்குவேன். வேறு யாரும் அந்தப் பெட்டியின் பக்கமே வருவதில்லை. அதன் கதவில் யாரோ ஒரு புண்ணியவான் 'மூக்கைப் பிடித்துக்கொண்டு திறக்கவும்' என்று எழுதி ஒட்டியிருந்தான்.

வாண்டுவின் வேலை வேறு. மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவின் சாற்றை வைத்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளை அடக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறையும் ஒன்றும் காட்டாவிட்டால் அவளுடைய ஆய்வாளர் இடத்தை நீட்டிக்க முடியாது என்று தராசு சொல்லிவிட்டார். இந்த இடம் போனால் இந்த வயதில் இன்னொரு ஆய்வுக்கூடம் அவளைச் சேர்த்துக்கொள்ளாது. அவள் ஆராய்ச்சி அதோடு சரி. அப்படிக் கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்தில்தான், போன மாதம், அவள் தட்டுகளில் அதிசயம் நடந்தது. சாறு கலக்காத தட்டில் கிருமி பாய் விரித்தது போல வளர்ந்திருந்தது. சாறு கலந்த தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள் மட்டும். மறுபடி செய்தாள், அதே முடிவு. மூன்றாம் முறையும் அதே. வீடே கொண்டாடியது. வெளியிலிருந்து வரும் இரண்டு நிபுணர்களின் முன்னால் அவள் பேசுவதற்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் இருவரும் ஒன்றாக வீட்டுக்குள் நுழைந்தோம். என் வீட்டுக்காரர் சோபாவில் இருந்தபடி முகத்தைச் சுளித்தார்.

"இத்தன நாளா ஒரு மீன்கூடைதான் வந்துச்சு. இப்பல்லாம் ரெண்டா?"

"வாய மூடுண்ணா," என்றாள் வாண்டு. கோட்டின் கையை முகர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலயே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிற மனுஷிக்கு இதுதான் வரவேற்பா? திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் மேல் நாறுவது சரி. நாளெல்லாம் அந்தத் தட்டுகளோடு கட்டிப் புரள்கிறேன். காலையில் ஒரு நொடி முகர்ந்துவிட்டுப் போகிறவள் மேல் ஏன் நாற வேண்டும்? அதுவும் அவளுக்கே தெரியாமல்?

அவள் கண்ணாடி முன்னால் நின்று பேச்சை ஒத்திகை பார்க்க ஆரம்பித்திருந்தாள். அண்ணன்காரர் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் போனேன்.

"ஏண்டி, பெரிய இன்குபேட்டர்ல சூடு ஏறி எறங்குதுன்னு சொன்னியே. அப்பறம் என்ன பண்ணுன?"

"அதான் உங்க பொட்டில மேல் அடுக்கு காலியா கெடந்துச்சே. அங்க வெச்சுட்டேன். காலைல எப்படியும் அங்கதான வரேன். உங்ககிட்ட தனியா கேக்கணுமா என்ன?"

"எல்லாத்தையுமா?"

"சாறு கலந்தத மட்டும்தான். அதான முக்கியம்! மத்தது பழைய எடத்துலயே இருக்கு. இடம் பத்தல." கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள். "அண்ணா, மறுபடி மொதல்லேருந்து. கடியாரத்த ஓட்டு."

மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டு நின்றேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இரண்டு வகைத் தட்டுகளில் ஒரு வகையை மட்டும் என் பெட்டியில் வைத்திருக்கிறாள். கீழ் அடுக்கில் என் பாக்டீரியா, மேல் அடுக்கில் அவளுடைய கிருமி. குனிந்து கீழ் அடுக்கை மட்டும் பார்க்கிற நான் மேலே நிமிர்ந்து பார்த்ததே இல்லை. தன் கோட்டு நாறுவது அவள் மூக்குக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? தினமும் முகர்ந்து முகர்ந்து பழகிப்போய்விட்டது, வேறென்ன. கிருமியைச் சாய்த்தது அவள் சாறா, என் வாயுவா?

சமையலறைக்குள் கணவரைக் கூப்பிட்டு மெல்லச் சொன்னேன். அவருக்கு விஞ்ஞானம் புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது.

"நாளைக்கு முடியட்டும். அப்பறமா சொல்லிக்க."

"முடிஞ்சப்பறம் சொன்னா அதுக்குப் பேரு திருட்டுங்க. நான் கூட்டாளி."

"சந்தேகம்தான உனக்கு? நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப தெரிஞ்சுகிட்டுச் சொல்லு. ஒண்ணுமில்லாம அவ தூக்கத்தக் கெடுக்காத." கதவு வரை போனவர் திரும்பி வந்தார். "அவளுக்கு இத விட்டா வேற ஒண்ணும் தெரியாதுடி."

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படுத்த பிறகு எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். பெரிய இடத்தில், நடுவில் காற்று இருந்தும், மூடிய தட்டுக்குள் புகுந்து வாயு வேலை செய்திருக்கிறது. அதுவும் மூன்று முறை. தராசு கேட்ட பதில், என் நாத்தனாரின் தட்டுகளில் பொன்னாகக் கிடக்கிறது. அந்தச் சந்தோஷம் வந்த வேகத்தைப் பார்த்து என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

காலையில் யாரும் வருவதற்கு முன் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். நடுநிலையில் பச்சையாகவும் காரத்தில் நீலமாகவும் மாறும் ஒரு சாயக்கரைசல் எங்களிடம் உண்டு. முதலில் வாண்டுவின் சாற்றில் ஒரு சொட்டு விட்டேன். பச்சை. அப்படியென்றால் சாறு காரமில்லை. குளிர்பெட்டியில் அவள் உபரியாக வைத்திருந்த தட்டு ஒன்று இருந்தது. சாறு கலந்தது, என் பெட்டிக்குள் போகாதது. அதிலும் பச்சை. பிறகு என் பெட்டியைத் திறந்து மேல் அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்தேன். கடவுளே, இதுவும் பச்சையாக இருக்கட்டும் என்றுதான் சொட்டு விட்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பளிச்சென்று நீலம்.

"என்ன அண்ணி, இவ்ளோ சீக்கிரமா?" வாசலில் வாண்டு. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் லேப்டாப் பை. முகம் முழுக்கச் சிரிப்பு. "எனக்கு வாழ்த்துச் சொல்லவா?"

"உக்காரு."

"உக்காந்தா சட்டை கசங்கும். சொல்லுங்க."

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, எனக்கு அது வராது. அவள் சிரிப்பு உடனே போகவில்லை. ஏதோ விளையாட்டு என்று கொஞ்ச நேரம் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அந்த நீலத்தைப் பார்த்தாள்.

"மூக்கே இல்லாத நீங்க வந்து நாத்தத்தப் பத்தி எனக்குச் சொல்றீங்களா?"

"மூக்கு சொல்லல. சாயம் சொல்லுது. நீயே போட்டுப் பாரு."

என் கையிலிருந்து சொட்டுக்குழாயைப் பிடுங்கினாள். மேல் அடுக்கிலிருந்து ஒன்று எடுத்தாள், நீலம். இன்னொன்று எடுத்தாள், நீலம். அடுக்கையே காலி செய்து மேசை மேல் பரப்பி, ஒவ்வொன்றாகத் திறந்து விட்டுக்கொண்டே போனாள். அவசரத்தில் ஒரு சொட்டு அவள் சட்டையில் விழுந்தது. துடைக்கக்கூட இல்லை.

"யாருக்கு லாபம்னு பாத்தீங்களா?" தலை நிமிராமலே கேட்டாள். "என் சாறு செத்தா உங்க வாயு பொழைக்குது. மேடம் கேட்ட கேள்விக்குப் பதிலு இதோ, என் மேசை மேல கெடக்கு."

"ஆமா."

"அப்ப சந்தோஷம்தானே?"

"கொஞ்சம் வந்துச்சு. அப்பறம் தூக்கம் போச்சு."

"நல்லா இருக்கு அண்ணி. ரொம்ப நல்லா இருக்கு." சொட்டுக்குழாயை மேசையில் எறிந்தாள். "நேத்தே சொல்லியிருந்தா நேத்தே செத்திருப்பேன். இன்னிக்கு இஸ்திரி போட்டுகிட்டு வந்து சாக வேண்டியிருக்காது."

"வாண்டு, நாள் கேப்போம். ரெண்டு வகைத் தட்டையும் ஒரே பொட்டில வெச்சு மறுபடி செஞ்சு..."

"அவங்க ரெண்டு பேரும் கெளம்பி வந்தாச்சு. மறுபடி எப்ப வருவாங்க? என் இடம் அதுவரைக்கும் இருக்குமா?" லேப்டாப் பையை மாட்டிக்கொண்டாள். "நீங்க அங்க வந்து ஏதாவது பேசுவீங்களா?"

இதைத்தான் அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். "நீ பேசணும். நான் இல்ல," என்றேன். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். நான் ஓடிப் போய்த் தடுத்திருக்கலாம். பரப்பிக் கிடந்த தட்டுகளை மூட ஆரம்பித்தேன்.

கூட்ட அறையில் நீள மேசை. ஒரு பக்கம் தராசு, அவருக்குப் பக்கத்தில் வெளியிலிருந்து வந்த இரண்டு நிபுணர்கள், ஒரு தாடிக்காரர், ஒரு வயதான பெண்மணி. நான் சுவரோரம் உட்கார்ந்தேன். வாண்டு என் பக்கம் திரும்பவே இல்லை. ஒத்திகையில் பேசியதை ஒரு வார்த்தை பிசகாமல் பேசிக்கொண்டு போனாள். மண் எடுத்த இடம், பாக்டீரியாவைப் பிரித்த விதம், சாறு எடுத்த விதம். குரலில் நடுக்கம் இல்லை. திரையில் ஒவ்வொரு படம் மாறும்போதும் இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று பார்த்தேன்.

கடைசியில் அந்தப் படம் வந்தது. இடது பக்கம் கிருமி நிறைந்த தட்டு, வலது பக்கம் கிட்டத்தட்டக் காலியான தட்டு. தாடிக்காரர் முன்னால் சாய்ந்தார். "அபாரம். இந்தக் கிருமிய இவ்ளோ சுத்தமா யாரும் தொடச்சு நான் பாத்ததில்ல." தராசின் முகத்திலேயே ஒரு சிரிப்பு தெரிந்தது. நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

வாண்டு தண்ணீர் குடித்தாள். மெதுவாக, டம்ளர் காலியாகும்வரை குடித்தாள். பேசாமல் விட்டுவிடு என்று எனக்குள்ளிருந்தே ஒரு குரல் என்னிடம் சொன்னது. எழுந்து பேசத்தான் போகிறாயா, உன் புருஷன் முகத்தில் எப்படி விழிப்பாய்? நான் எழுந்திருப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

"இல்லீங்க," என்றாள் வாண்டு. "இது தப்பு. இது என் சாறு செஞ்சதில்ல."

என்ன நடந்தது என்று நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். எந்தப் பெட்டி, எந்த அடுக்கு, எந்த வாயு, என்ன நிறம். தாடிக்காரர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"அப்படின்னா உங்க சாறுக்கு என்ன வேலை?" என்று தராசு கேட்டார்.

"தெரியாது மேடம். ஒரு வேலையும் இல்லாமலே இருக்கலாம்."

வயதான பெண்மணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா இந்த வாயு விஷயம் ரொம்ப நல்லா இருக்கே. பாக்டீரியா ஒரு அடுக்குல, கிருமி இன்னொரு அடுக்குல, நடுவுல வெறும் காத்து. இத நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுகிட்டு செஞ்சீங்களா? செஞ்சிருந்தா இது கூட்டு வேலை. இந்தப் பொண்ணு இடத்தப் பத்தி நாம வேற மாதிரி யோசிக்கலாம்."

தராசு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. பெட்டி உங்களது."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒரே வார்த்தை. ஆமாம் என்று சொன்னால் போதும், வாண்டு தப்பித்தாள். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? வாயு உண்மை, நீலம் உண்மை, தட்டுகள் உண்மை. பேசி வைத்துக்கொண்டோமா என்பது மட்டும்தானே பொய். காலையில் அவளுக்கு அத்தனை நியாயம் பேசிய அதே வாய், கூசாமல் திறந்தது.

"ஆமா மேடம். நாங்க ரெண்டு பேரும்..."

"இல்ல மேடம்," என்றாள் வாண்டு. குரல் உயரவில்லை. "அவங்களுக்கே நேத்து சாயங்காலம்தான் தெரியும். இடமில்லன்னு நான்தான் வெச்சேன். கேக்காம வெச்சேன். திட்டமெல்லாம் ஒண்ணும் கெடையாது."

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைபாதையில் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தோம். அவள் சட்டையிலிருந்த சாயக் கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. தராசு மட்டும் வந்தார். இடத்தை நீட்டிக்க முடியாது, மாதக் கடைசிவரை இருக்கலாம், உண்மையைச் சொன்னதை எல்லாரும் மதிக்கிறார்கள் என்று நிறுத்து நிறுத்துச் சொன்னார். மதிக்கிறார்களாம்! அந்த மதிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம்? எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. வாண்டு "சரி மேடம்" என்றாள்.

மாடிப்படியில் இறங்கும்போதுதான் என்னிடம் பேசினாள்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"உன் இடம் போகக் கூடாதுன்னு."

"உங்க ஆராய்ச்சில அந்த ஒரு முடிவுதான் உருப்படியா வந்திருக்கு. அதுக்கு அடியில போய் ஒரு பொய்ய வெப்பீங்களா? நாளைக்கு எவனாவது தோண்டி எடுத்தா ரெண்டு பேரும் போவோம். ஒருத்தியாவது இருக்க வேணாமா?" ஒரு படியில் நின்றாள். "காலைல உங்கள என்னென்னவோ சொல்லிட்டேன்."

"சொன்னதுல பாதி நெசம்தான்."

"தெரியும்," என்றாள். போனை எடுத்து அண்ணனுக்கு அடித்தாள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. இவள் குரல்தான் கேட்டது, ஒன்றும் நடக்காதது போல.

"போச்சுண்ணா... ஆமா, இடமும்தான்... இல்ல, யார் மேலயும் தப்பில்ல, நான் வெச்சது, நானே எடுத்துட்டேன்... அண்ணியத் திட்டாத. அவங்க எனக்காக உள்ள என்ன பண்ணப் பாத்தாங்கன்னு வீட்டுக்கு வந்து சொல்றேன்... சேச்சே, நான் அழல. இது அவங்க."